ஹலோ வேலை செய்கிறாள்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது. அந்த வாரியத்து அதிகாரிகள் ஒருத்தரும் லிஃப்டில் ஏற மாட்டார்கள். கட்டடம் ஏழு மாடி. தலைவரிலிருந்து கடைசி கிளார்க் வரைக்கும் எல்லாரும் படிக்கட்டுதான். நாக்குத் தள்ள ஏறிப்போய், முதல் அரைமணி நேரம் காகிதத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் உடம்புக்கு நல்லது என்பார்கள். வீட்டு ஓட்டை வீட்டுக்காரனுக்குத்தானே தெரியும்!

இந்த வாரியத்தின் தரைத்தளத்தில், போன் அறையில், ஹலோ உட்கார்ந்திருந்தாள். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. போனை எடுத்ததும் அவள் சொல்கிற முதல் வார்த்தையே அவளுக்குப் பெயராகி, வாட்ச்மேன்கூட "என்ன ஹலோக்கா, சாப்டாச்சா?" என்றுதான் கேட்பார். ஹலோ தற்காலிக ஊழியை. தற்காலிகமாகச் சேர்ந்தபோது அவள் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அதே மகள் அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள். தற்காலிகம் மட்டும் அப்படியே இருந்தது.

வாரியத்தில் ஒரு விதி. தன்னைப் பற்றி யாராவது கேட்டால் நிரந்தர ஊழியர் 'ஐ வொர்க் ஹியர்' என்று சொல்ல வேண்டும். தற்காலிக ஊழியர் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர்' என்று சொல்ல வேண்டும். முதல் தலைவராக இருந்தவர் ஏதோ ஒரு இலக்கணப் புத்தகத்தில், என்றைக்கும் உள்ளதற்குச் சிம்பிள் பிரசன்ட், இப்போதைக்கு நடப்பதற்குக் கன்டினியூஸ் என்று படித்தாராம். படித்தவர் சும்மா இருந்திருக்கலாம். அதை எடுத்து ஊழியர் விதிகளில் செருகிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

போன் அறைக்குப் பக்கத்திலேயே, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், நிரந்தர ஊழியர்களின் கூடம். இருபது இருபத்தைந்து நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு ஸ்வெட்டர் தொங்கும். மதியம் வருகைப் பதிவுக்காரர் வந்து ஸ்வெட்டர்களை எண்ணிக்கொண்டு போவார். ஸ்வெட்டர் இருந்தால் ஆள் வேலை செய்கிறார் என்று கணக்கு. ஆள் கடைவீதியில் காய்கறி வாங்கிக்கொண்டிருப்பார், அது வேறு விஷயம்.

ஹலோ பேசுவதெல்லாம் பதிவாகி நாலாம் மாடிக்குப் போகும். அங்கே வினைச்சொல் பிரிவு என்று ஒன்று. காதில் கருவி மாட்டிக்கொண்டு ஆறு பேர் கேட்பார்கள். மாட்டிக்கொண்டவன் அழுகிறானா, மூச்சுத் திணறுகிறானா என்பதெல்லாம் அவர்கள் பாடு இல்லை. புகாரில் வினைச்சொல் எப்படி வந்திருக்கிறது என்பதுதான் பாடு. 'லிஃப்ட் ஸ்டாப்ஸ்' என்று புகார் வந்தால், நிற்பது லிஃப்டின் இயல்பு, புகாரே இல்லை என்று தள்ளிவிடுவார்கள். 'லிஃப்ட் இஸ் ஸ்டாப்பிங்' என்று வந்தால், இன்னும் முழுசாக நிற்கவில்லை, நின்ற பிறகு சொல்லவும் என்று திருப்பி அனுப்புவார்கள்.

அப்படியென்றால் மாட்டிக்கொண்ட ஜனங்கள் எப்படித்தான் வெளியே வந்தார்கள் என்று கேட்பீர்கள். ஹலோ இவர்களுக்குத் தெரியாமல் தன் சொந்தச் செல்போனிலிருந்து மெக்கானிக்குக்கு ஒரு போன் போடுவாள். "அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி பச்சைக் கட்டடம், உள்ளே ஆள் இருக்கு, ஓடுங்க" என்பாள். அவர் ஓடுவார். வாரியத்தின் வண்டி அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை ஒரு போன் வந்தது. ஆண் குரல். இங்கிலீஷ். விளக்கு அணைந்துவிட்டது, இரண்டு மாடிக்கு நடுவில் தொங்குகிறேன் என்றார். குரல் கிடுகிடுவென்று ஆடியது. ஹலோ விலாசம் வாங்கி, மெக்கானிக்கை விரட்டிவிட்டு, மறுபடி அவரிடம் வந்தாள். நீ யாரம்மா என்று கேட்டார். அவள் விதிப்படி, "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர், சார்" என்றாள்.

அந்த மனிதருக்கு என்ன தோன்றியதோ! "இப்போதைக்கு மட்டும்தானா? பாதியில் எழுந்து போய்விடுவாயா? வேண்டாம், போகாதே, போகாதே" என்று குழந்தை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார். ஹலோவுக்கு மனசு பதறிப்போயிற்று. "நோ சார், நோ சார். ஐ வொர்க் ஹியர். எங்கேயும் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மெக்கானிக் போய்க் கதவைப் பிளந்து ஆளை இறக்கினார். ஹலோ ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். குடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

மறுநாள் சூப்பர்வைசர் வந்து கதவோரம் நின்றார். உள்ளே வரவில்லை. அம்மை போட்ட வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றார்.

"நாளைக்கு நாலாம் மாடிக்கு வரச் சொல்றாங்க."

"எதுக்கு சார்?"

"ஆள்மாறாட்டம். நிரந்தர ஊழியர் மாதிரி பேசியிருக்கே."

"சார், அந்தாளு பயந்துட்டாரு சார்..."

"அவர் பயந்தா நீ பயப்படணும்னு இருக்கா? இப்போ பாரு, ரெண்டு பேரும் பயந்தாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஹலோவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் தையல்காரர். குளியலறையில் வழுக்கி விழுந்து வலதுகை கட்டோடு கிடந்தது. மெஷின் துணி போர்த்தி மூலையில் நின்றது. அவள் சம்பளம் ஒன்றில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. அந்த வேலையும் போனால் என்ன கதி என்பதை மூன்று பேரும் நினைத்தார்கள்.

"ஒரு ஐ-என்-ஜி விட்டுப்போச்சுன்னா வேலையை எடுப்பாங்க?" என்றார் தையல்காரர். "நான் எத்தனையோ சட்டைக்குப் பட்டனே விட்டிருக்கேன். எவனாவது என்னை ஜெயில்ல போட்டானா?"

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே விளக்கினாள். "எப்பவும் நடக்கிறதுன்னா சிம்பிள்மா. இந்தச் சமயத்துக்கு மட்டும் நடந்துட்டிருந்தா கன்டினியூஸ். அவ்வளவுதான்."

"நீ தவழ்ற காலத்துலேர்ந்து தினமும் போறேனே, அது எதுல சேரும்?"

மகள் பிசைவதை நிறுத்தினாள். "இலக்கணப்படி பார்த்தா நீ சொன்னதுதாம்மா சரி."

"ஐயோ, அதை மட்டும் அங்க போய்ச் சொல்லித் தொலைக்காதே!" என்று தையல்காரர் அலறினார். "தப்புன்னா மன்னிப்பு கேட்டுக்கலாம். சரின்னா விட மாட்டாங்க."

நாலாம் மாடி வினைச்சொல் அதிகாரி வழுக்கைத் தலையும் சாந்தமான முகமுமாக இருந்தார். அந்தச் சாந்தத்தைப் பார்த்ததும் ஹலோவுக்கு இன்னும் நடுக்கம் எடுத்தது. எதிர் நாற்காலியைக் காட்டினார். அவள் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இப்போ என்ன பண்றே? இங்கிலீஷ்ல சொல்லு."

"ஐ... ஐ ஆம் சிட்டிங், சார்."

"ஆங். நீ உட்கார்ந்துக்கிட்டு இருக்கிறவ. எழுந்தா முடிஞ்சுது. என்னைப் பாரு. ஐ சிட். நான் எழுந்து போனாலும் ஐ சிட். இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள பள்ளத்தைத் தாண்டத்தான் ஒருத்தன் பாடுபட்டுப் பரீட்சை எழுதி மேல வர்றான். நீ ஒரு போன்ல தாண்டிட்டே."

சொல்லிவிட்டு எழுந்தார். ஸ்வெட்டரை நாற்காலியில் சரியாக இழுத்துவிட்டார். சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

ஹலோ எழுந்திருக்கவும் பயந்து, உட்காரவும் பயந்து, அந்த ஸ்வெட்டருக்கு எதிரே இருந்தாள். நடுவில் ஒரு கிளார்க் வந்தார். ஸ்வெட்டரைப் பார்த்துக் குனிந்து, "சார், நேத்து சொன்னதை முடிச்சுட்டேன்" என்று ஒரு கட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்தார். கொஞ்ச நேரம் பணிவாகக் காத்திருந்தார். பிறகு ஹலோவிடம் குனிந்து, "சார் ஏதாவது சொன்னாரா?" என்று காதோடு கேட்டார்.

"இல்லீங்க."

"யோசனையில இருக்காரு. தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லி நுனிக்காலில் வெளியே போனார்.

ஹலோவும் அதற்குப் பிறகு இருமலைக்கூட அடக்கிக்கொண்டாள். பக்கத்து அறையில் அந்த ஆறு பேர் கேட்கிற கருவிகள் வழியாக, கீழே போன் அடிக்கிற சத்தம் கேட்டது. இரவுப் பணியாளைப் பகலுக்கும் உட்கார வைத்திருந்தார்கள். அவர் தூங்கி எழுந்து எடுப்பதற்குள் மணி நீளமாக அடித்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கை தானாகவே எழுந்து எழுந்து மடியில் விழுந்தது.

சாப்பிட்டு வந்த அதிகாரி, இவள் செய்கிற ஆளா, செய்துகொண்டிருக்கிற ஆளா என்று உடம்பையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆறாம் மாடி டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார். வைத்தவர் புருவத்தைத் தூக்கினார்.

"என்னம்மா இப்படி அடிச்சுக்குது?"

"பயமா இருக்கு டாக்டர்."

"இப்போ மட்டுமா, எப்பவுமேவா?"

ஹலோ யோசித்துப் பார்த்தாள். "இங்க சேர்ந்த நாள்லேர்ந்தே இருக்கு டாக்டர்."

"அப்போ சிம்பிள் பிரசன்ட்" என்று எழுதிக்கொண்டார் டாக்டர். "உன் பயம் நிரந்தரம். நீதான் தற்காலிகம். கொடுத்து வெச்ச பயம்."

விசாரணை மறுநாள் ஏழாம் மாடியில் நடந்தது. ஹலோ படிக்கட்டில் ஏறும்போது ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று தையல்காரரின் கட்டுப்போட்ட கையை நினைத்துக்கொண்டாள். காலில் விழச் சொன்னால் விழுந்துவிடுவது என்று முடிவு செய்தாள். நீளமான மேஜை. ஒரு பக்கம் முழுக்க அதிகாரிகள். நடுவில் தலைவர். அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பதிவை ஓட்டினார்கள். அறை முழுக்க அந்த மனிதரின் அழுகை கேட்டது. ஒருத்தரும் அசையவில்லை. 'ஐ வொர்க் ஹியர்' வந்ததும் மட்டும் எல்லாரும் ஒன்றாக முகத்தைச் சுளித்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் இந்த வாரியத்துல முப்பது வருஷமா இருக்கேன்மா. ஒரு போன்கூட எடுத்ததில்லை. பெருமைக்குச் சொல்லலை. எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? 'தலைவர் போன் எடுத்துக்கிட்டிருக்கார்'னு ஆயிருக்கும். பண்ணிக்கிட்டிருக்கிற காரியம் ஒருநாள் முடியும். முடிஞ்சா, என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. தொடங்காத காரியத்துக்கு முடிவு ஏது? அதாம்மா நிரந்தரம்."

மேஜை முழுக்கத் தலைகள் ஆடின.

"வெளியூர்க்காரங்க வந்து கேட்டா நான் என்ன சொல்வேன்? 'ஐ ரெஸ்க்யூ பீப்பிள்.' ஜனங்களைக் காப்பாத்தறேன். எவ்வளவு கம்பீரமா இருக்கு பாரு! யாரையாவது காப்பாத்தியிருக்கீங்களான்னு கேக்கக் கூடாது. அது வேற டென்ஸ். அந்த டென்ஸுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இப்போ நீ என்ன பண்ணியிருக்கே? வேலையும் பண்ணிக்கிட்டே, சிம்பிள் பிரசன்ட்டையும் எடுத்துக்கிட்டே. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தா எங்க கதி என்ன? நாளைக்கு ஜனங்க கேக்க மாட்டாங்களா, அப்போ இந்த ஏழு மாடி எதுக்குன்னு?"

ஹலோ மேஜையை நெருங்கினாள். "தெரியாம சொல்லிட்டேங்க. புள்ளைகுட்டிக்காரி. மன்னிச்சு விட்டுருங்க" என்று கும்பிட்டாள்.

அப்போது வினைச்சொல் அதிகாரி எழுந்து ஒரு சிக்கலைச் சொன்னார். விதிப்படி பதிவான வாக்கியத்தை யாரும் மாற்ற முடியாது. அழிக்கவும் முடியாது. இந்த வாக்கியமோ, நிரந்தர ஊழியர் ஒருவர் ஆபத்தில் இருந்தவரிடம் பேசியதாகக் கணக்கில் ஏறிவிட்டது. வாரியத்தின் வரலாற்றிலேயே நிரந்தர ஊழியர் ஒருவர் பொதுமக்களிடம் பேசியது இதுதான் முதல் தடவை. ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் போட்டாகிவிட்டது. வாக்கியமும் ஆளும் ஒத்துப்போகவில்லை. வாக்கியத்தை மாற்ற வழியில்லை.

அதிகாரிகள் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்கள். கடைசியில் தலைவர் பெருமூச்சு விட்டார்.

"அப்போ ஆளை மாத்திடுங்க."

ஹலோவுக்குக் கண் இருட்டியது. அவ்வளவுதான், வேலை போச்சு என்று நினைத்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாசலோரம் நின்றிருந்த சூப்பர்வைசர்தான் ஓடிவந்து தோளைத் தட்டினார். "அட அழாதேம்மா! உன்னை நிரந்தரம் பண்ணிட்டாங்க! ஸ்வெட்டர் இருக்கா?"

"ஒரு விஷயம்" என்றார் தலைவர், அவள் வாசலுக்குப் போகும்போது. "இனிமே நீ வேலை செய்கிறவ. அதனால போனைத் தொடக் கூடாது. தொட்டா செஞ்சுக்கிட்டிருக்கிறவ ஆயிடுவே. அப்புறம் தற்காலிகமும் கிடையாது. நேரா வீடுதான்."

வீட்டில் தையல்காரர் இடதுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு! இனிமே ஒரு பய உன்னை அசைக்க முடியாது" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். ஹலோவும் சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள். மகள் மட்டும் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ போனை யாரும்மா எடுப்பாங்க?"

"புது ஆளு போடுவாங்களாம்."

"எப்போ?"

"பரிசீலனையில இருக்காம்."

"நல்ல நாளும் அதுவுமா உனக்கு ஏன்டி இந்தக் கவலை?" என்று தையல்காரர் மகளை அடக்கினார்.

மறுநாள் ஹலோ கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், நிரந்தரக் கூடத்தில், புது நாற்காலியில் உட்கார்ந்தாள். மெத்தை வைத்த நாற்காலி. பக்கத்து நாற்காலியில் எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுகிற ஒரு அம்மாள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் நாலைந்து பேர். மற்றவை ஸ்வெட்டர்கள். கண்ணாடி வழியாகப் போன் அறை தெரிந்தது. இரவுப் பணியாள் இரவுக்கே திரும்பிவிட்டார். அவளுடைய பழைய நாற்காலி காலியாக இருந்தது.

காலையில் மணி இல்லை. ஹலோ மனசுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு ஒரு நாள் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது.

கூடத்தில் யாரும் நிமிரவில்லை. ஹலோ நிமிர்ந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடாமல் அடிக்கிற போன் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். வெளியே நின்று கூப்பிடுகிறவன் நாலு தடவை மணி அடித்ததும் வைத்துவிடுவான். உள்ளே இருப்பவன் வைக்க மாட்டான். அவனுக்கு வேறு நம்பர் கிடையாது. அவள் எழுந்துவிட்டாள். எழுந்ததே தெரியாமல் எழுந்துவிட்டாள்.

பெரியக்காவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கூடத்தைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் பேசினாள்.

"உட்காரு."

"அக்கா, ஆள் உள்ளே இருக்குக்கா. அடிக்கிற விதத்துலேயே தெரியுதுக்கா."

"எனக்குத் தெரியாதா? உனக்கு முன்னாடி அந்த நாற்காலியில இருந்தவ நான்தான்."

ஹலோ திரும்பிப் பார்த்தாள். பெரியக்காவின் முகம் வெளுத்திருந்தது. பிடித்திருந்த கை ஈரமாக இருந்தது.

"வேலை போயிடும்டி. வீட்டை நினைச்சுக்கோ" என்றாள். "முதல் நாள் அப்படித்தான் இருக்கும். பத்து பதினஞ்சு நாள்ல காது பழகிடும்."

ஹலோ வீட்டை நினைத்தாள். கட்டுப்போட்ட கையை நினைத்தாள். துணி போர்த்திய மெஷினை நினைத்தாள். கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அவள் உட்கார்ந்தாள். மணி அடித்தது. இன்னும் அடித்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வைத்துவிடு, வைத்துவிடு, தயவுபண்ணி வைத்துவிடு என்று முகம் தெரியாத அந்த ஆளைக் கெஞ்சினாள்.

மணி நின்றது.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அந்த அப்பாடா தன் வாயிலிருந்துதான் வந்தது என்று தெரிந்தபோது உடம்பெல்லாம் சில்லிட்டுப்போயிற்று. இத்தனை வருஷம் பயந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"டீ சாப்பிடப் போலாமா?" என்றாள் பெரியக்கா, மணிக்கட்டை விட்டுவிட்டு.

ஹலோ எழுந்து அவள் பின்னாலேயே போனாள்.